மாடியில் நீட்டிய கம்பி: ‘பிறகு மேம்படுத்திக்கொள்ளலாம்’ என்ற சொல்லின் வரலாறு

காஞ்சிரங்குளம் முதல் பாறசாலை வரையிலான எல்லைக் கிராமங்களில் மொட்டைமாடியில் கம்பி நீட்டி நிற்கும் வீடுகளைக் காணலாம். கையிலுள்ள பணத்துக்குக் கீழ்த்தளத்தை முடித்துக் குடியேறிவிடுவர். சிட்டி விழும்போதோ வளைகுடாவிலிருந்து பணம் வரும்போதோ மேல்தளம் எழுப்புவதற்காகத் தூண்களின் கம்பியை வெட்டாமல் விட்டிருப்பர். அந்தக் கம்பிக்குப் பொருள் தருவது அஸ்திவாரம். இரண்டு தளங்களைத் தாங்கும் அஸ்திவாரம் போடாத வீட்டில் கம்பி துருப்பிடிப்பதைத் தவிர வேறு எதற்கும் பயன்படாது.

குறைந்த செலவில் உதிரிபாகங்களைச் சேர்த்து ஒரு கணினியை அமைத்து, பின்னர் மேம்படுத்திக்கொள்ள விரும்பும் மாணவரும் இதே கணக்கைத்தான் போடுகிறார். ஆனால் வேறுபாடு ஒன்றுண்டு. வீட்டின் அஸ்திவாரம் உரிமையாளரின் கையில் இருக்கிறது. கணினியின் அஸ்திவாரமான மதர்போர்டு எத்தனை ஆண்டுகளுக்குப் புதிய பிராசசரை ஏற்கும் என்பதை முடிவு செய்வது உற்பத்தி நிறுவனம். ஆகவே ‘பிறகு மேம்படுத்திக்கொள்ளலாம்’ என்பது பிறர் தரும் வாக்குறுதியை நம்பிச் செய்யும் முதலீடு. அந்த வாக்குறுதி எப்போது காக்கப்பட்டது, எப்போது கைவிடப்பட்டது என்ற நாற்பதாண்டு வரலாற்றை அறியாமல் எந்தப் பாகத்தில் பணத்தைப் போடுவது என்ற கேள்விக்கு விடை காண இயலாது.

இவ்வரலாறு 1981 ஆகஸ்ட் 12 அன்று தொடங்குகிறது. ஐபிஎம் நிறுவனம் அன்று வெளியிட்ட தனிநபர் கணினியின் அடிப்படை விலை 1,565 டாலர். அந்த விலைக்குக் கிடைத்தது 16 கிலோபைட் நினைவகம் மட்டுமே. வட்டு இயக்கி கிடையாது. வீட்டுத் தொலைக்காட்சியையே திரையாகவும் கேசட் ரெக்கார்டரையே சேமிப்பகமாகவும் பயன்படுத்தலாம் என்று அது வடிவமைக்கப்பட்டிருந்தது. ஆனால் உள்ளே ஐந்து விரிவாக்க ஸ்லாட்டுகள் இருந்தன. கூடுதல் நினைவகச் சில்லுகளுக்கு இடம் இருந்தது. 8088 பிராசசருக்கு அருகிலேயே 8087 கணிதத் துணைச் செயலிக்கான சாக்கெட் ஒன்று காலியாக விடப்பட்டிருந்தது. மாடியில் நீட்டிய கம்பி என்பது அந்த முதல் கணினியிலேயே இருந்தது என்று கூறலாம்.

ஐபிஎம் தன் கணினியின் மின்சுற்று வரைபடங்களையும் பயாஸ் நிரலையும் தொழில்நுட்பக் கையேட்டிலேயே அச்சிட்டது. பயாஸ் பதிப்புரிமைக்கு உட்பட்டதாக இருந்தபோதிலும், காம்பேக் நிறுவனம் அதைப் பார்க்காத பொறியாளர்களைக் கொண்டு அதே பணியைச் செய்யும் பயாஸைப் புதிதாக எழுதச் செய்து 1983இல் தன் கணினியைச் சந்தைக்கு அனுப்பியது. அதன்பின் ஒருவரின் மதர்போர்டில் இன்னொருவரின் அட்டையும் மூன்றாமவரின் வட்டும் பொருந்தும் நிலை உருவானது. 1987இல் ஐபிஎம் தன் புதிய மாடல்களில் மைக்ரோ சேனல் என்னும் மூடிய இணைப்பு முறையைக் கொண்டுவந்து பிடியை மீட்க முயன்றது. போட்டி நிறுவனங்கள் ஒன்பது சேர்ந்து மாற்றுத் தரத்தை அறிவித்தன. சந்தை ஐபிஎம்மின் பின்னால் செல்லவில்லை.

இந்தியாவில் இக்கதை தாமதமாகவே நுழைந்தது. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் நிபந்தனைகளை ஏற்காமல் ஐபிஎம் 1978இல் நாட்டை விட்டு வெளியேறியிருந்தது. 1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய கணினிக் கொள்கை இறக்குமதியையும் தனியார் உற்பத்தியையும் தளர்த்தியது. உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா 1997இல் இணைந்தது. அதன்படி கணினி, உதிரிபாகங்கள் மீதான சுங்கவரி படிப்படியாகக் குறைந்து 2005க்குள் நீங்கியது. சென்னையின் ரிச்சி தெரு, பெங்களூருவின் எஸ்.பி. சாலை, மும்பையின் லாமிங்டன் சாலை, தில்லியின் நேரு பிளேஸ் ஆகியவை நாடு முழுவதற்குமான பாகச் சந்தைகளாக வளர்ந்த காலம் இது. நிறுவனப் பெயர் பொறித்த கணினியை வாங்க இயலாத குடும்பங்களுக்கு ‘அசெம்பிள்டு’ கணினியே முதல் கணினியாயிற்று.

காஞ்சிரங்குளத்தின் இருப்பிடம் இங்கே கவனத்துக்குரியது. வடக்கே திருவனந்தபுரம், தெற்கே நாகர்கோவில் என இரு நகரச் சந்தைகளுக்கு இடைப்பட்ட ஊர் அது. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வரையப்படும் வரை இரண்டும் ஒரே திருவிதாங்கூர் நிலப்பரப்பில் இருந்தவை. எல்லை வந்தபின், தெற்கே மலிவாகக் கிடைக்கும் பாகத்தை வடக்கே கொண்டுவருவது மாநில விற்பனை வரிக்கும் சோதனைச்சாவடிக்கும் உட்பட்ட செயலானது. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையிலுள்ள அமரவிளை வணிகவரிச் சோதனைச்சாவடி இப்பகுதியினருக்கு நன்கு பழக்கமான பெயர். 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் இரு மாநிலங்களிலும் வரிவிகிதம் ஒன்றானது. மாணவரின் தேர்வு அதன்பின் வரியைச் சார்ந்திருக்கவில்லை. எந்தப் பாகம் நீடிக்கும் என்ற அறிவையே சார்ந்திருந்தது.

நீடித்தவற்றுள் முதலில் சொல்ல வேண்டியது 1995இல் வந்த சாக்கெட் 7. இன்டெல்லின் பென்டியம், ஏஎம்டியின் கே6, சைரிக்ஸின் 6எக்ஸ்86 ஆகிய மூன்று நிறுவனங்களின் பிராசசர்களும் அதில் பொருந்தின. ஆயினும் பொருந்துவது வேறு, இயங்குவது வேறு என்ற பாடத்தையும் அதுவே கற்பித்தது. 1997இல் வந்த எம்எம்எக்ஸ் வகைப் பென்டியத்துக்கு உட்பகுதிக்கு ஒன்று, வெளித்தொடர்புக்கு ஒன்று என இரு மின்னழுத்தங்கள் தேவைப்பட்டன. ஒரே மின்னழுத்தம் மட்டும் தரும் பழைய மதர்போர்டுகளில் ஊசிகள் சரியாக இறங்கினாலும் அதை நேரடியாகப் பயன்படுத்த இயலவில்லை. சற்றே கூடுதல் விலை கொடுத்து இரு மின்னழுத்த மதர்போர்டை வாங்கியவர் தப்பினார். மலிவானதை வாங்கியவர் மதர்போர்டையும் சேர்த்து மாற்ற நேர்ந்தது.

அதே 1997இல் இன்டெல் பென்டியம் 2 பிராசசருக்காக ஸ்லாட் 1 என்னும் தனியுரிமை இணைப்புக்கு மாறியது. போட்டியாளர்கள் அதைப் பயன்படுத்த இயலவில்லை. ஏஎம்டி பழைய சாக்கெட்டையே வேகப்படுத்தி 1998இல் சூப்பர் சாக்கெட் 7 என்ற பெயரில் நீட்டித்தது. வாங்குவோரைத் தன்பால் ஈர்க்க வேண்டிய இரண்டாமிடத்து நிறுவனம் பழைய மதர்போர்டுகளுக்கு உயிர் கொடுப்பதும், முதலிடத்து நிறுவனம் அவற்றைக் கைவிடுவதும் இங்கு வெளிப்படுகின்றன. இரண்டு பத்தாண்டுகளுக்குப் பின் இதே காட்சி மீண்டும் வந்தது.

2017 அக்டோபரில் இன்டெல்லின் எட்டாம் தலைமுறை மேசைக்கணினி பிராசசர்கள் வந்தன. சாக்கெட்டின் பெயரும் ஊசி எண்ணிக்கையும் முந்தைய இரு தலைமுறைகளுக்குரிய எல்ஜிஏ 1151தான். எனினும் புதிய சிப்செட் கொண்ட மதர்போர்டு இருந்தால் மட்டுமே அவை இயங்கும் என்று அறிவிக்கப்பட்டது. மின்வழங்கல் தேவையே காரணம் எனக் கூறப்பட்டது. சில மாதங்களுக்கு முன் ஏழாம் தலைமுறை மதர்போர்டை ‘பிறகு மேம்படுத்திக்கொள்ளலாம்’ என்று வாங்கியவரின் கம்பி அத்தோடு துருப்பிடிக்கத் தொடங்கியது.

அதே ஆண்டு மார்ச்சில் ஏஎம்டி தன் ரைசன் பிராசசர்களை ஏஎம்4 சாக்கெட்டில் வெளியிட்டு, 2020 வரை அதைத் தொடர்வதாக உறுதி கூறியது. 2020 மே மாதத்தில் அவ்வுறுதி சோதனைக்கு உள்ளானது. அடுத்துவரும் ஜென் 3 பிராசசர்கள் 400 வரிசை மதர்போர்டுகளில் இயங்கா என்று நிறுவனம் அறிவித்தது. பயாஸ் சேமிக்கப்படும் சில்லில் அத்தனை பிராசசர்களுக்கான நிரலுக்கும் இடம் போதாது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. பல மதர்போர்டுகளில் அச்சில்லின் கொள்ளளவு வெறும் 16 மெகாபைட். பயனர்களிடையே எழுந்த எதிர்ப்பு கடுமையாக இருந்தது. இரண்டு வாரங்களுக்குள் நிறுவனம் முடிவை மாற்றிக்கொண்டது. 2022இல் 2017ஆம் ஆண்டின் 300 வரிசை மதர்போர்டுகளுக்கும் ரைசன் 5000 ஆதரவு விரிந்தது. மதர்போர்டு தயாரிப்பாளர் புதிய பயாஸை வெளியிட்டிருந்தால், 2017இல் எளிய மதர்போர்டும் நான்கு கோர் பிராசசரும் வாங்கியவர் ஐந்தாண்டு கழித்து ராமையும் மாற்றாமல் பிராசசரை மட்டும் மாற்றிப் பல மடங்கு வேகத்தைப் பெற முடிந்தது.

இந்நிகழ்விலிருந்து பெறவேண்டியது ஒரு நிறுவனத்தின் மீதான பக்தியன்று. வாக்குறுதி காக்கப்பட்டதற்குப் போட்டியும் பயனர்களின் குரலும் காரணங்களாக இருந்தன. அவை இல்லாதபோது என்ன நேரும் என்பதை 1997ஆம் ஆண்டே காட்டிவிட்டது. மேலும், ஒரு சாக்கெட்டின் தொடக்கத்தில் வாங்குபவருக்கும் முடிவில் வாங்குபவருக்கும் ஒரே விலையில் வேறு வேறு எதிர்காலம் கிடைக்கிறது. 2022இல் ஏஎம்5 சாக்கெட் வந்தபின் ஏஎம்4 மதர்போர்டு வாங்கியவர் கட்டி முடித்த வீட்டை மலிவாக வாங்கியவர். அதுவும் நல்ல தேர்வாக இருக்கலாம், மேல்தளத்தை எதிர்பாராதவரை.

ராமின் வரலாறு வேறு வகையானது. 2000க்குப் பின் டிடிஆர், டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதன் ஸ்லாட்டில் இறங்காத வகையில் வெட்டுப்பள்ளம் மாற்றி அமைக்கப்பட்டது. ஒரே தலைமுறைக்குள் கூட்டிக்கொள்ளலாம். தலைமுறையைத் தாண்ட இயலாது. ஆகவே நான்கு ஸ்லாட்டுகள் கொண்ட மதர்போர்டும் இரண்டு ஸ்லாட்டுகள் கொண்டதும் விலையில் சிறிதே வேறுபட்டாலும் எதிர்காலத்தில் பெரிதும் வேறுபடுகின்றன. இரண்டே ஸ்லாட்டுகளையும் சிறிய ராம்களால் நிரப்பியவர் பின்னர் பழையதைக் கழற்றிப் போட்டே புதியதைச் சேர்க்க வேண்டும்.

‘பிறகு விலை குறையும்’ என்ற நம்பிக்கையும் வரலாற்றின் முன் முழுமையாக நிற்பதில்லை. 1993 ஜூலை 4 அன்று ஜப்பானின் நீஹாமாவில் சுமிட்டோமோ கெமிக்கல் ஆலையில் வெடிவிபத்து நிகழ்ந்தது. சில்லுகளை உறையிடப் பயன்படும் பிசினின் பெரும்பகுதி அங்கிருந்தே வந்துகொண்டிருந்ததால் உலகெங்கும் ராம் விலை பாய்ந்தேறியது. 2011இல் தாய்லாந்து வெள்ளத்தால் ஹார்டு டிஸ்க் விலை உயர்ந்தது. 2025இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவை மீண்டும் ராம் விலையை உயர்த்தியது. நீண்டகாலப் போக்கு இறக்கமே எனினும், மாணவரின் மூன்றாண்டுப் படிப்பு நீண்டகாலமன்று.

இவற்றுக்கு நடுவே அதிகம் பேசப்படாமல் நீடித்தவை கேபினட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும். 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவுமுறை, இணைப்புகளில் சில மாற்றங்களோடு, இன்றும் நடைமுறையில் உள்ளது. பிராசசர் நான்கு முறை மாறினாலும் தரமான கேபினட் ஒன்றே போதும். ஆயினும் விலை குறைக்கும்போது கடைகளில் முதலில் வெட்டப்படுவது எஸ்எம்பிஎஸ்தான். மழைக்கால இடியும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் உள்ள ஊர்களில் அது பொருந்தாச் சிக்கனம். பின்னர் சேர்க்கப்போகும் கிராபிக்ஸ் கார்டுக்கான மின்திறனும் இணைப்பும் அதில் இல்லையெனில், கார்டை வாங்கும் நாளில் அதையும் மாற்ற வேண்டிவரும். கெட்டால் பிற பாகங்களையும் உடன்கொண்டு போகும்.

இறுதியாக, பாகங்கள் அனைத்தும் நலமாக இருக்க மென்பொருள் மட்டும் கதவை மூடலாம். 2021இல் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 பாதுகாப்பு அம்சத்தையும், இன்டெல் பிராசசர் எனில் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதையும் கட்டாயமாக்கியது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. இங்கே கேரளத்தின் பள்ளிக்கல்வி வரலாறு ஒரு மாற்றைக் காட்டுகிறது. 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் கட்டற்ற மென்பொருளுக்கு மாறி, 2017இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாகியபின்பும் தன் லினக்ஸ் தொகுப்பைத் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. பாறசாலையிலும் காஞ்சிரங்குளத்திலும் அரசுப் பள்ளியில் பயின்ற மாணவருக்கு லினக்ஸ் புதிதன்று. சந்தை ‘காலாவதி’ என்று முத்திரையிட்ட கணினியை மேலும் சில ஆண்டுகள் நடத்திச் செல்லும் திறன் அவரது பாடத்திட்டத்திலேயே இருந்தது.

இந்தச் செய்தியின் கனம் 2020இல் வெளிப்பட்டது. ஜூன் 1 அன்று கேரளத்தில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்ற பெயரில் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழி வகுப்புகள் தொடங்கின. கேஎஸ்எஃப்இயும் குடும்பஸ்ரீயும் சேர்ந்து தவணைச் சிட்டி வழியே மடிக்கணினி தரும் வித்யாஸ்ரீ திட்டத்தைக் கொண்டுவந்தன. சிட்டியில் வீடு கட்டிய சமூகம் சிட்டியிலேயே கணினியையும் வாங்க முற்பட்டது. ஆனால் மலிவு மடிக்கணினிகள் பலவற்றில் பிராசசரும் ராமும் பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அவை கம்பி வெட்டப்பட்ட வீடுகள். கணினி அசைய வேண்டியதில்லாத இடத்தில் மேசைக்கணினிக்கு இன்றும் பொருள் இருப்பது இதனால்தான்.

வரலாறு கூறும் வரிசை தெளிவானது. முதலில் எஸ்எம்பிஎஸ், கேபினட். அடுத்து, ஆயுள் மீதமுள்ள சாக்கெட்டும் போதிய ஸ்லாட்டுகளும் பயாஸ் புதுப்பிப்பைத் தொடர்ந்து வெளியிடும் தயாரிப்பாளரின் மதர்போர்டும். படிப்புக்கு இன்றைக்குத் தேவையான அளவு ராமும் எஸ்எஸ்டியும். சிக்கனம் செய்ய வேண்டிய இடம் பிராசசர். கிராபிக்ஸ் கார்டு காத்திருக்கலாம். சாதாரணமாகக் கடைகளின் விலைப்பட்டியல் இதற்கு நேர்மாறாக அமைகிறது. பிராசசரின் பெயரே விளம்பரத்தில் பெரிதாக இருக்கும். முதலில் கேட்க வேண்டிய கேள்வியோ அஸ்திவாரம் எத்தனை தளத்துக்கு என்பதுதான். இதைக் கிராமத்துக் கொத்தனார் எப்போதும் கேட்டு வந்திருக்கிறார்.