சுத்தபோசனம்: ஒரு சொல்லாக்கத்தின் வரலாறு

கத்தோலிக்கத் தமிழரின் மறைக்கல்வி நூல்களில் 'ஒருசந்தி', 'சுத்தபோசனம்' என்னும் இரு சொற்கள் நெடுங்காலம் இணையாகவே வழங்கி வந்தன. சிறு வயதில் திருச்சபைக் கட்டளைகளை மனப்பாடம் செய்த மூத்த தலைமுறையினர் இன்றும் இவற்றை ஒரே மூச்சில் சொல்வர். இவ்விரண்டனுள் முதலாவது சட்டப் பொருளை நுட்பமாகப் பெயர்த்த சொல் என்பதும், இரண்டாவது சட்டம் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்ட சொல் என்பதும் இக்கட்டுரையின் கருத்து. இது சமய ஆராய்ச்சியன்று. ஒரு விதியைப் பெயர்க்கும் சொல் அவ்விதியின் எல்லையையே எவ்வாறு நகர்த்திவிடுகிறது என்பதைக் காணும் முயற்சி.

இச்சிக்கலை எனக்கு உணர்த்தியது மைசூரில் நான் நடத்திய மொழிபெயர்ப்பு வகுப்பொன்று. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் உணவு விலக்குப் பற்றிய 1251ஆம் விதியைத் தமிழாக்கத் தந்திருந்தேன். 'புலால் உண்ணாமை', 'மாமிசம் விலக்கல்', 'அசைவம் தவிர்த்தல்', 'இறைச்சி ஒதுக்கல்' என நால்வகை விடைகள் வந்தன. சுத்தபோசனம் என்று எவரும் எழுதவில்லை. முத்துக்குளித்துறை ஊரொன்றிலிருந்து வந்திருந்த மாணவர் ஒருவர் மட்டும் எழுந்து, "அசைவம்னு எழுதினா எங்க ஊர்ல வெள்ளிக்கிழமை சோத்துக்குக் கொழம்பே இருக்காது சார்" என்றார். வகுப்பு சிரித்தது. ஆனால் அவர் கூறியது ஒரு சொற்பொருளியல் உண்மை.

இலத்தீன் சட்டமொழியில் இரு கருத்துகள் வேறுவேறாக நிற்கின்றன. 'இயேயூனியும்' என்பது உணவின் அளவையும் வேளையையும் குறைப்பது. 'அப்ஸ்தினென்சியா' என்பது உணவின் வகையை விலக்குவது. 1917ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி முன்னதற்குரிய நாளில் ஒரு முழு உணவே உண்ணலாம். காலையிலும் மாலையிலும் சிறிதளவு உட்கொள்ளத் தடையில்லை. பின்னதற்குரிய நாளில் இறைச்சியும் இறைச்சிச் சாறும் கூடா. முட்டை, பாற்பொருள்கள், விலங்குக் கொழுப்பால் ஆகிய தாளிப்பு முதலியன கூட விலக்கப்படவில்லை. ஏழு வயது நிரம்பியோர்க்கு வகை விலக்கும், இருபத்தொரு வயது நிரம்பியோர்க்கு அளவுக் குறைப்பும் கடமையாயின. 1966 பிப்ரவரி 17ஆம் நாள் ஆறாம் பவுல் வெளியிட்ட ஆணை விலக்குக்குரிய வயதைப் பதினான்காக உயர்த்தியது. விலக்கப்பட்டவற்றிலிருந்து இறைச்சிச் சாறு என்னும் சொல்லையும் எடுத்துவிட்டது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பும் பதினான்கு வயதையே கொண்டது.

'காரோ' என்னும் இலத்தீன் சொல்லே இவ்விதியின் அச்சாணி. பொது வழக்கில் அது தசை. இவ்விதியில் அது நிலத்தில் வாழும் விலங்கு, பறவை ஆகியவற்றின் தசை. மீன் அதனுள் அடங்காது. தரையில் தங்கி வாழ்வன, காற்றை உயிர்ப்பன ஆகியவற்றின் ஊனே விலக்கத்தக்கது என 13ஆம் நூற்றாண்டில் தாமசு அக்குவினாசு வகுத்துரைத்தார். அவர் காலத்தில் தவக்காலத்தில் முட்டையும் பாலும் கூட விலக்கப்பட்டன, மீன் விலக்கப்படவில்லை. ஆகவே இவ்விலக்கின் அடிப்படை உயிர்க்கொலை அன்று, தீட்டும் அன்று. உண்பவன் விரும்பும் ஒன்றைத் தானே விட்டுக்கொடுத்தல் என்னும் ஒறுத்தலே அடிப்படை.

இனித் தமிழுக்கு வருவோம். 'ஒருசந்தி' கிறித்தவர் படைத்த சொல்லன்று. நாளின் வேளைகள் கூடும் பொழுதுக்குச் சந்தி என்பது பெயர். ஒரு பொழுது மட்டும் உண்டிருக்கும் விரதம் ஒருசந்தி. வைணவ இல்லங்களில் சனிக்கிழமை ஒருசந்தி இன்றும் உண்டு. 'ஒருபொழுது' என்பதும் இப்பொருளதே. மலையாளத்தில் 'ஒரிக்கல்', கன்னடத்தில் 'ஒப்பொத்து' என இவ்வமைப்புத் திராவிட மொழிகளில் பரவியுள்ளது. (இலக்கணம் கற்போர் சந்தி என்றதும் புணர்ச்சியை எண்ணுவது தொழிற்பழக்கம்.) 'இயேயூனியும்' என்னும் இலத்தீன் சொல் தன் வடிவில் எண்ணிக்கையைச் சொல்வதில்லை, சட்டம் விளக்கியே அறிய வேண்டும். தமிழ்ச் சொல்லிலோ 'ஒரு முழு உணவு' என்னும் விதி சொல்லின் உள்ளேயே இருக்கிறது. மூலத்தைவிடப் பெயர்ப்புத் தெளிவாக அமைந்த அரிய இடங்களுள் இஃது ஒன்று.

சீர்திருத்தச் சபையினர் 'உபவாசம்' என்பதைக் கொண்டனர். தவக்காலத்தை 'லெந்து நாட்கள்' என ஆங்கிலச் சொல்லாலேயே குறித்தனர். கொங்கணி பேசும் கத்தோலிக்கர் போர்த்துக்கீசியக் 'குவரெஸ்மா'வின் வழிவந்த சொல்லைத் தவக்காலத்திற்கு வழங்குகின்றனர். தமிழ்க் கத்தோலிக்கர் கடன்சொல்லை நாடாது உள்ளூர் விரதச் சொல்லையே ஏற்றது கருதத்தக்கது.

'சுத்தபோசனம்' இவ்வாறு அமையவில்லை. இங்குத் தடை ஏற்பட்டது 'காரோ'வுக்கு நிகரான எல்லையுடைய சொல் தமிழில் இன்மையால். நம் சொற்களை ஒவ்வொன்றாக நோக்கலாம். 'புலால்', 'புலவு' என்பன சங்க நூல்களில் மீன் நாற்றத்திற்கும் வழங்குவன. எனவே மீன் அவற்றின் மையத்திலேயே உள்ளது. 'ஊன்' உடம்பையும் குறிக்கும். 'கறி' முற்காலத்தில் மிளகு. இன்று தமிழ்நாட்டுப் பேச்சில் பெரும்பாலும் ஆட்டிறைச்சி. ஆனால் மரத்தைச் சேர்த்தால் காய்கனி ஆகிவிடும். 'மச்சம்' வடமொழி மத்ஸ்யத்தின் திரிபு, மீன் என்பதே அதன் பொருள். யாழ்ப்பாணத்திலோ மச்சம் என்றால் மீனும் இறைச்சியும் உட்பட மரக்கறி அல்லாத அனைத்தும். உரோமைச் சட்டம் எதனை விலக்கினின்று நீக்கியதோ அதன் பெயராலேயே யாழ்ப்பாணத்தார் விலக்குக்குரிய அனைத்தையும் அழைக்கின்றனர்! 'சைவம்', 'அசைவம்' என்னும் இன்றைய இணையும் மீனை அசைவத்தின் பக்கமே நிறுத்துகிறது. முட்டையையும் பெரும்பாலும் அப்பக்கமே சேர்ப்பர். வெள்ளிக்கிழமையன்று ஒரு கத்தோலிக்கர் "இன்று வீட்டில் சைவம்" என்பதில் உள்ள வியப்பை எவரும் உணர்வதில்லை. 'இறைச்சி' ஒன்றே மீனை விட்டுத் தனித்து நிற்க வல்லது. மீன்கடை வேறு, இறைச்சிக்கடை வேறு என்னும் வழக்கு அதற்குச் சான்று.

தமிழின் உணவுச் சொற்புலத்தில் முதன்மைப் பிளவு செடிகொடி உணவுக்கும் உயிருடல் உணவுக்கும் இடையே உள்ளது. இலத்தீன் விதியின் பிளவு உயிருடல் உணவின் உள்ளேயே, நிலத்துக்கும் நீருக்கும் இடையே, விழுகிறது. இவ்விரு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தமாட்டா.

இப்பொருத்தமின்மை எங்கே, யாருக்கு எதிர்ப்பட்டது என்பதை வரலாறு காட்டும். 1536-37இல் பரதவர் திருமுழுக்குப் பெற்ற முத்துக்குளித்துறையில் மீன் அன்றாட உணவு. இறைச்சி விலக்கு அவர்களுக்குப் பெருஞ்சுமையாக இருந்திராது. அக்கடற்கரைக்கென உழைத்த அண்டிரிக்கு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. பாவ அறிக்கை நூலாகிய 'கொம்பெசியோனாயரு' 1580இல் வெளிவந்தது. நூற்பெயரே காட்டுவது போல் அக்காலக் கிறித்தவத் தமிழ் போர்த்துக்கீசிய ஒலிகளை அப்படியே ஏற்றது. பொருள் ஐயம் நேர்ந்தால் அயற்சொல்லை வைத்துக்கொள்வது அம்மொழிபெயர்ப்பு நெறி.

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி இதற்கு நேர்மாறான வழியைக் கைக்கொண்டார். துறவியின் காவி உடுத்தார். ஊன், மீன், முட்டை, மது ஆகிய அனைத்தையும் நீக்கி, நாளுக்கு ஒரு வேளை சோறும் காயும் பாலும் உண்டார். பறங்கியர் ஊனுண்போர் என்னும் இகழ்ச்சியினின்று சமயத்தைப் பிரித்துக் காட்டுவது அவர் நோக்கம். அவ்வொழுகலாறுகள் பற்றிய பூசல் கோவாவிலும் உரோமையிலும் எழுந்தது. 1623 சனவரி 31ஆம் நாள் பதினைந்தாம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை வரையறையுடன் ஏற்று ஆணையிட்டார். நொபிலியின் உணவு நெறி திருச்சபையின் வெள்ளிக்கிழமை விதி அன்று. அதனினும் மிகக் கடியது, வேறு காரணத்தால் மேற்கொள்ளப்பட்டது. ஆனால் உள்நாட்டுக் கிறித்தவர் கண்முன் நின்ற தவ உணவின் வடிவம் அதுவே. சருவேசுரன், ஞானஸ்நானம், தேவநற்கருணை என வடசொற் பெருக்கம் கொண்ட இவ்வுள்நாட்டுக் கிறித்தவ நடையோடுதான் சுத்தபோசனம் என்னும் சொல் தன் அமைப்பால் ஒத்துப்போகிறது.

இந்நெறி மதுரையோடு நிற்கவில்லை. 1640களின் இறுதியில் லியனார்தோ சின்னமி மைசூர் அரசின் தலைநகராகிய சீரங்கப்பட்டணத்தில் அதே துறவிக் கோலத்தில் பணி தொடங்கினார். கன்னடம் கற்று அம்மொழியில் மறைக்கல்வி நூல் எழுதினார். ஒன்றரை நூற்றாண்டிற்குப் பின், 1799இல் திப்பு வீழ்ந்தபின் அப்பகுதிக்கு வந்த ஆபே துபுவா, மக்களின் உடையையும் வாழ்க்கை முறைகளையும் தாம் மேற்கொண்டதைத் தம் நூலின் முன்னுரையில் தெரிவிக்கிறார். இன்றைய மைசூரில் பிலோமினா பேராலயத்தைச் சூழ்ந்து தமிழ், கன்னடம், கொங்கணி பேசுவோர் ஒரே தவக்காலத்தை மூன்று சொல்தொகுதிகளால் கடைப்பிடிக்கின்றனர். மைசூர்க் கன்னடத்தில் 'பாடு' இறைச்சி, 'பாடூட்ட' இறைச்சி விருந்து. அச்சொல்லுக்கு மீனைப் பற்றிய கவலை இல்லை. மங்களூர்க் கரையிலிருந்து வந்தோர்க்கு மீன் இல்லாத வெள்ளிக்கிழமையே வியப்பு. தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் தவக்கால வெள்ளியன்று மீனும் அடுப்பேறாததை நான் கண்டிருக்கிறேன். காரணம் கேட்டால் "சுத்தபோசனம் அல்லவா" என்பர். விதி அவர்களைத் தடுக்கவில்லை, சொல் தடுக்கிறது. அம்மனுக்கும் முருகனுக்கும் உரிய நாளென வெள்ளியில் ஊன் விலக்கும் அண்டை வீட்டாரின் வழக்கமும் இதற்குத் துணை நின்றிருக்கும் என்று கருத இடமுண்டு.

இதுவரை கூறியது எல்லைச் சிக்கல். இதனினும் கடியது 'சுத்தம்' என்னும் அடை. ஒரு நாளின் உணவைச் சுத்தம் என்றால் மற்ற நாள்களின் உணவு யாது? ஊனுண்ணல் சாதியிழிவின் அடையாளமாக எண்ணப்பட்ட சமுதாயத்தில் இவ்வினா வெறும் சொல்விளையாட்டன்று. கிறித்தவம் தழுவியோருள் மிகப் பலர் அவ்விழிவு சுமத்தப்பட்ட குலங்களைச் சேர்ந்தோர். உணவு எதுவும் தன்னளவில் தீட்டுடையதன்று என்பது புதிய ஏற்பாட்டின் நிலை; உண்பவர் தம் விருப்பை அடக்குகிறார் என்பதே விலக்கின் பொருள். தமிழ்ச் சொல்லோ உண்ணப்படும் பொருளுக்கு மதிப்பெண் இட்டது. மறைக்கல்விப் பாடத்தின் வழியே, அவ்வாறு எண்ணாத சட்டத்தின் பெயரால், ஊன் அசுத்தம் என்னும் மதிப்பீடு அதனால் வருந்தியோரின் பிள்ளைகளுடைய நாவிலேயே ஏற்றப்பட்டது. சொல்லைத் தேர்ந்தவர்க்கு அந்நோக்கம் இருந்தது என்று கூறவில்லை. வடமொழித் தவ வழக்கிலிருந்து ஆயத்தமாகக் கிடைத்த தொடரை எடுத்தனர். அதனோடு ஒட்டி வந்ததையும் எடுத்தனர்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் கிறித்தவத் தமிழ் பெரிதும் மாறியது. பூசை திருப்பலியாயிற்று, தபசு காலம் தவக்காலமாயிற்று, விபூதிப் புதன் திருநீற்றுப் புதனாயிற்று (இங்கும் சைவச் சொல் நீங்கவில்லை, தமிழுருப் பெற்றது). ஒருசந்தியும் சுத்தபோசனமும் பின்தள்ளப்பட்டு, 'நோன்பு' என்னும் ஒரு சொல் இரண்டிடத்தையும் பெரும்பாலும் நிரப்பியது. சுத்தபோசனம் நீங்கியதில் எனக்கு வருத்தமில்லை. ஒருசந்தி நீங்கியது இழப்பு. அளவுக்கும் வகைக்கும் இடையே இருந்த வேறுபாடு அதனோடு போயிற்று. 'நோன்பும் இறைச்சி தவிர்த்தலும்' என நீட்டிச் சொன்னாலன்றிப் பொருள் பிரிவதில்லை. தனித்தமிழ் ஆர்வத்தில் 'புலால் மறுத்தல்' என்பாரும் உளர். அது திருக்குறளின் 26ஆம் அதிகாரத் தலைப்பு. அத்தொடரைக் கேட்ட தமிழர்க்குக் கொல்லாமை நினைவு வரும், ஒறுத்தல் வாராது. மீனும் அதனுள் அடங்கிவிடும்.

1983ஆம் ஆண்டு விதி 'இறைச்சி, அல்லது ஆயர் பேரவை வரையறுக்கும் வேறோர் உணவு' என்று கூறுவதும் கருதத்தக்கது. பிறவியிலேயே ஊனுண்ணாதவர் வெள்ளியன்று ஊன் விலக்குவதில் ஒறுத்தல் ஏதுமில்லை. அடுத்த 1253ஆம் விதி, பிற ஒறுத்தல்களையும் ஈகைச் செயல்களையும் இறைவேண்டலையும் மாற்றாக வகுக்க ஆயர் பேரவைக்கு இடம் தருகிறது. 'வேறோர் உணவு' என்னும் தொடர் சுத்தபோசனத்தோடு சேர்ந்து நிற்கவே இயலாது. ஒருவர் தமக்கு விருப்பமான காப்பியை விட்டால் எஞ்சிய உணவு சுத்தமாகிவிட்டது என்று சொல்வதெங்ஙனம்?

வகுப்பில் நான் இறுதியில் பரிந்துரைத்தது 'ஒருசந்தி', 'இறைச்சி விலக்கு' என்னும் இணை. பழையது ஒன்று, புதியது ஒன்று. கடற்கரை மாணவர் இசைந்தார். கொங்குநாட்டு மாணவர் ஒருவர் இன்னும் எளிதாக 'கறி விலக்கு' என்று எழுதலாமே என்றார். அவர் ஊரில் கறி எடுப்பது ஆட்டிறைச்சி வாங்குவது, கோழி, கோழியே. அப்படியானால் வெள்ளிக்கிழமை கோழிக்குழம்புக்குத் தடையில்லையா என்று கேட்டேன். சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, சொல்லை அடித்துவிட்டு 'இறைச்சி' என்றே எழுதினார். ஓரத்தில் 'கோழியும் அடங்கும்' என ஒரு குறிப்பும் சேர்த்துக்கொண்டார்.