மலையகத்தில் காமன் கூத்து

இலங்கை மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்படுவது காமன் கூத்து. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும், இலைநோயால் கோப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் கூலிகளாகச் சென்ற தமிழர், தம் ஊர்க் காமன் பண்டிகையையும் உடன் கொண்டுசென்றனர். 1890 முதல் சூரினாம் தோட்டங்களுக்குச் சென்ற ஜாவா மக்கள் தம் கமலான் இசையைக் கொண்டுபோனது போன்றதே இது.

அமாவாசை கழிந்து காமன் கம்பம் ஊன்றுவார்கள். ஆண்களே ரதி, மன்மதன் வேடம் கட்டி லயம் லயமாக ஆடிச் செல்வர். பௌர்ணமியையொட்டிச் சிவன் காமனை எரிப்பார், ரதி புலம்புவாள். தஞ்சை, திருச்சி வட்டாரங்களில் 'எரிந்த கட்சி, எரியாத கட்சி' என்று லாவணிக்காரர் வாதிடுவது இந்தக் கதையைப் பற்றித்தான்.

கூத்தின் முதன்மைக் கருவி தப்பு. மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு எழுப்பி அனுப்பவும் தோட்டங்களில் தப்புதான் அடித்தார்கள். ஆண்டு முழுவதும் வேலைக்கு விரட்டிய ஓசை, மாசியில் ஆட்டத்துக்கும் அழைத்தது.

1948 குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கிட்டது. அவர்களைக் கேட்டுச் செய்த கணக்கல்ல அது. பல குடும்பங்கள் பிரிந்தன. தங்கிவிட்டவர்கள் இன்றும் மாசியில் கம்பம் ஊன்றுகிறார்கள்.