மேடைக்கு முன்னாடி யாருக்கு இடம்?

போன மாசம் ஒரு கச்சேரிக்கு டிக்கெட் போட உட்கார்ந்தேன். ஆப்பில் எனக்கு முன்னாடி இருபதாயிரம் பேருக்கு மேல காத்திருந்தாங்க. பின்னாடி நின்னு பார்த்துட்டிருந்த அப்பா, "எனக்கும் ஒண்ணு போடுப்பா"ன்னார். என் முறை வந்தப்போ மேடைக்கு முன்னாடி இருக்கிற பகுதி மட்டும்தான் மிச்சம். அங்கே நாற்காலி கிடையாது, நாலு மணி நேரம் நிக்கணும்னு சொன்னேன். "அப்போ அது எங்களுக்கு இல்லைன்னு சொல்லு"ன்னு சிரிச்சுட்டே உள்ளே போயிட்டார். அந்தப் பாடகரை எனக்கு அறிமுகப்படுத்தினதே அவர்தான்.

அதிலிருந்து ஒரு கேள்வி மனசுல ஓடிட்டே இருக்கு. மேடைக்கு முன்னாடி யார் நிக்கணும்னு எப்படி முடிவு பண்றாங்க? இதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. அது ஒரு துயரத்திலிருந்து தொடங்குது.

1979 டிசம்பர் 3. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சின்சினாட்டி நகரம். ரிவர்ஃப்ரண்ட் கொலீசியம் அரங்கில் 'தி ஹூ' இசைக்குழுவின் நிகழ்ச்சி. விற்ற டிக்கெட் 18,348. அதில் பெரும்பாலானவற்றுக்கு இருக்கை எண்ணே கிடையாது. இந்த முறைக்கு 'ஃபெஸ்டிவல் சீட்டிங்'னு பேரு. முதலில் உள்ளே ஓடுறவங்களுக்கு மேடைக்கு முன்னாடி இடம். அவ்வளவுதான் விதி.

இப்படி ஒரு விதி இருந்தா மக்கள் என்ன பண்ணுவாங்க? மதியத்திலிருந்தே வாசலில் வந்து குவிஞ்சாங்க. கடும் குளிர். சாயந்திரம் திறந்ததோ சில கதவுகள் மட்டும். உள்ளேயிருந்து இசை கேட்டதும், நிகழ்ச்சி ஆரம்பிச்சிடுச்சுன்னு நினைச்சுப் பின்னாடி இருந்தவங்க தள்ளினாங்க. முன்னாடி இருந்தவங்களுக்கு நகர இடமில்லை. 11 பேர் மூச்சுத் திணறி இறந்துபோனாங்க. எல்லாருமே 15 வயசிலிருந்து 27 வயசுக்குள்ள. நிகழ்ச்சி முடியுற வரைக்கும் இசைக்குழுவுக்கு விஷயமே தெரியாது.

அதே மாசம் 27ஆம் தேதி, இருக்கை எண் இல்லாத டிக்கெட்டை சின்சினாட்டி நகரம் தடை செய்தது. அந்தத் தடையை 2002இல் ஒரே ஒரு நிகழ்ச்சிக்காகத் தளர்த்தினாங்க. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் நிகழ்ச்சி அது. 2004இல் தடையை மொத்தமா எடுத்துட்டாங்க.

ஸ்பிரிங்ஸ்டீன் ரசிகர்களின் கதைதான் நம்ம கேள்விக்கு நேரா வருது. 1975இல் 'பார்ன் டு ரன்' ஆல்பம் வந்தப்போ இருபது வயசு இருந்தவருக்கு, 2012இல் 57 வயசு. இன்னும் அவர் மேடைக்கு முன்னாடி நிக்க ஆசைப்படுறார். அந்த இடத்துக்கு 'பிட்'னு பேரு. தடுப்புக்குள்ள சில நூறு பேர்தான். அதுக்காக ரசிகர்களே பட்டியல் போட்டு, கையில மார்க்கரால எண் எழுதி, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆஜர் எடுப்பாங்க. கூப்பிடுறப்போ ஆள் இல்லைன்னா பேரை அடிச்சிடுவாங்க. ஒழுங்கான முறைதான். ஆனா முட்டி வலிக்கிறவர், வேலைக்கு லீவு கிடைக்காதவர், வீட்டில் குழந்தையை விட்டுட்டு வர முடியாதவர் எல்லாரும் தானாவே வெளியே.

இதுக்கு ஒரு அழகான தீர்வு வந்தது. 2012இன் 'ரெக்கிங் பால்' சுற்றுப்பயணத்தில் பல ஊர்களில் அதைப் பயன்படுத்தினாங்க. குறிப்பிட்ட நேரத்துக்குள்ள வர்ற எல்லாருக்கும் எண் போட்ட கைப்பட்டை. அப்புறம் ஒரு குலுக்கல். 300 பேர் வந்திருக்காங்க, குலுக்கலில் 187 விழுதுன்னு வெச்சுக்கோங்க. 187தான் முதல் ஆள், அடுத்தது 188. 300 முடிஞ்சதும் 1 வரும், கடைசி ஆள் 186. நம்ம ஆளுங்களுக்குப் பார்த்ததும் புரிஞ்சிருக்கும், இது சர்குலர் க்யூ! விடியற்காலையே வந்தாலும் லாபமில்லை, அதனால யாரும் ராத்திரி தெருவில் படுக்க வேண்டாம். சேர்ந்து வந்தவங்களுக்கு அடுத்தடுத்த எண், அதனால அவங்களும் பெரும்பாலும் பிரியறதில்லை. உள்ளே போனபிறகு நிக்கத்தான் வேணும், அது மாறலை. ஆனா வெளியே நிக்கிற பத்து மணி நேரம் மிச்சம்.

இதே ரசிகர்களுக்கு 2022 ஜூலையில் பெரிய அடி விழுந்தது. அடுத்த சுற்றுப்பயணத்துக்கு டிக்கெட்மாஸ்டர் 'டைனமிக் பிரைசிங்' முறையில் டிக்கெட் வித்தது. தேவை ஏற ஏற விலையும் ஏறும். சில டிக்கெட்டுகள் கிட்டத்தட்ட 5,000 டாலர் வரைக்கும் போச்சு. அப்படி விலை மாறினது 11 சதவீதத்துக்குச் சற்று மேலதான்னு நிறுவனம் விளக்கம் கொடுத்தது. பிளாக்கில் விக்கிறவன் சம்பாதிக்கிற காசு, மேடையில் உழைக்கிறவங்களுக்கு ஏன் போகக்கூடாதுங்கிறது ஸ்பிரிங்ஸ்டீன் பக்கத்து வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனா நாற்பது வருஷமா கூடவே வந்த ரசிகர்களுக்கு அது ஆறுதலா இல்லை. 1980இல் தொடங்கின 'பேக்ஸ்ட்ரீட்ஸ்'ங்கிற ரசிகர் இதழ், இந்த மனக்கசப்பைச் சொல்லியே 2023 பிப்ரவரியில் மூடப்பட்டது.

இதுக்கு வேற வழியே இல்லைன்னும் சொல்ல முடியாது. அதே 2023இல் 'தி கியூர்' குழுவின் ராபர்ட் ஸ்மித் டைனமிக் பிரைசிங் வேண்டாம்னு சொல்லி, 20 டாலருக்கும் டிக்கெட் கொடுத்தார். டிக்கெட்டை விடக் கட்டணம் அதிகமா வந்ததும் அவர் பொதுவெளியிலேயே கேள்வி கேட்டார். டிக்கெட்மாஸ்டர் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது.

ஆக, ஓட்டம் வெச்சா வலுவான உடம்பு ஜெயிக்கும். ஏலம் விட்டா கனமான பர்ஸ் ஜெயிக்கும். குலுக்கல் மட்டும்தான் வயசு கேட்காது. 'முதலில் வருபவருக்கே முன்னுரிமை'ங்கிறதை நாம கோடில் கண்ணை மூடிட்டு எழுதுறோம். அது நியாயமா இருக்கணும்னா, எல்லாராலும் ஒரே மாதிரி முதலில் வர முடியணும்.

இந்த வாரம் உங்க அப்பா, அம்மாகிட்ட ஒண்ணு கேளுங்க. கடைசியா எந்தக் கச்சேரிக்குப் போனாங்க, எங்கே உட்கார்ந்தாங்க, அப்புறம் ஏன் போகலை? பதிலை எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.