ஒரு ‘பீயிங்’குக்காக நடந்த சண்டை!

‘தி ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்’ - வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ‘ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ்’ என்று உருப்போட்டிருப்பீர்களே, அதே வாக்கியம்தான்! ஆனால் 1750-ல் லண்டன் தெருவில் நின்று இதைச் சொல்லியிருந்தால், உங்களை ஒரு மாதிரி பார்த்திருப்பார்கள். அன்றைக்குச் சரியான ஆங்கிலம், ‘தி ஹவுஸ் இஸ் பில்டிங்’. என்னது, வீடே கொத்தனார் வேலை பார்க்கிறதா?!

வம்பெல்லாம் அந்த ‘இங்’கால் வந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘பாடுகிற’ என்று சொல்ல ‘எண்டே’ என்றொரு வால். ‘பாடுதல்’ என்ற பெயர்ச்சொல்லுக்கு ‘உங்’ அல்லது ‘இங்’ என்று வேறொரு வால். பேசிப் பேசித் தேய்ந்ததில், சில நூற்றாண்டுகளில் முதல் வால் காணாமல் போய், இரண்டு வேலையும் ‘இங்’ தலையில் விழுந்தது. ஆக, ‘இஸ் பில்டிங்’ என்றால் ‘கட்டுதலில் இருக்கிறது’ என்றும் எடுத்துக்கொள்ளலாம். (வினையில் பாதி, பெயரடையில் பாதி என்று பங்கு போட்டுக்கொள்வதால்தான் இதற்கு ‘பார்ட்டிசிபிள்’ என்றே பெயர். நம்மவர்கள் ‘எச்சம்’ என்றார்கள் - முடியாமல் மிச்சம் நிற்பது. எனக்கென்னவோ நம் பெயர்தான் பிடித்திருக்கிறது!)

1795-ல் ராபர்ட் சவுதி என்ற இளம் கவிஞர், ஒரு ஆளின் கடைவாய்ப் பல் பிடுங்கப்படுவதைப் பற்றிக் கடிதம் எழுதினார். பிடுங்கியவர் நாவிதர் - அப்போது பல் டாக்டரும் அவரே! அந்தக் கடிதத்தில் ‘இஸ் பீயிங்’ வந்துவிட்டது. பல் தானாக எதையும் பிடுங்கவில்லை என்று தெளிவாகச் சொல்ல வேண்டுமே!

பண்டிதர்களுக்குப் பொறுக்கவில்லை. 1870-ல் ரிச்சர்ட் கிராண்ட் ஒயிட் என்ற அமெரிக்கர், ‘இஸ்’ஸும் ‘பீ’யும் ஒரே வினை, அதை இரண்டு தடவை அடுக்குவது அபத்தம் என்று புத்தகத்தில் ஒரு அத்தியாயமே எழுதித் தீர்த்தார்.

பதில் சொல்ல வந்தவரும் ஒரு அமெரிக்கர்தான். ஃபிட்ஸ்எட்வர்ட் ஹால்! ஓடிப்போன தம்பியைத் தேடி இந்தியாவுக்குக் கப்பலேறி, 1846-ல் கங்கை முகத்துவாரத்தில் கப்பல் உடைந்து, கல்கத்தாவில் கரையேறியவர். ஊர் திரும்பாமல் சமஸ்கிருதம் படித்து, காசியில் பேராசிரியராகவே ஆகிவிட்டார். பிறகு லண்டன் போனார். அங்கே சக அறிஞர்களோடு பெரிய சண்டை. வெறுத்துப்போய் ஒரு கிராமத்தில் ஒதுங்கிவிட்டார். அந்தத் தனிமையில் அவர் செய்தது... படித்துக்கொண்டே இருந்தது! ‘இது விதி’ என்று ஒயிட் சொன்னால், ‘இதோ பாருங்கள், இன்னின்னார் இப்படி எழுதியிருக்கிறார்கள்’ என்று ஹால் உதாரணங்களைக் கொட்டினார். 1873-ல் அது புத்தகமாகவும் வந்தது.

ஜெயித்தது ‘பீயிங்’. பழைய ‘இஸ் பில்டிங்’ மெல்ல மறைந்தது. முழுக்கச் சாகவில்லை... கைமாற்று கேட்கிற நண்பரிடம் ‘நத்திங் டூயிங்’ என்று கையை விரிக்கிறீர்களே, அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது!