ஒரு பக்கத்துக்கு இருபத்திரண்டு நிமிடம்

1972இல் இத்தாலியின் ரிக்கோர்டி கம்பெனி ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. பாங்கோ டெல் முத்துவோ சொக்கோர்சோ என்ற ரோம் நகரக் குழுவின் முதல் ஆல்பம். அதன் உறை சதுரமாக இருக்காது. மண் உண்டியல் வடிவத்திலேயே அட்டையை வெட்டியிருப்பார்கள். காசு போடும் வாய்க்குள்ளிருந்து ஒரு காகிதப் பட்டை நீட்டிக்கொண்டிருக்கும். அதை இழுத்தால் குழுவினரின் படம் வெளியே வரும்.

நான் சிவகாசியில் தொழில் பழகிய அச்சுக்காரன். மதுரையில் படித்த நாளில் நண்பன் பதிந்து கொடுத்த ஒரு கேசட்டில் ஆரம்பித்தது இந்தப் பித்து. பாட்டு காதில் ஏறிய பிறகு அட்டைகள் கண்ணில் ஏறின. அந்த உண்டியல் உறையின் ஜப்பானிய மறுபதிப்பு, சி.டி. அளவுக்குச் சுருக்கியது, என்னிடம் இருக்கிறது. அதை எங்கள் ஊரில் டை பஞ்சிங் மெஷின் ஓட்டும் அண்ணாச்சியிடம் ஒருமுறை காட்டினேன். விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“தம்பி, இதுக்குத் தனி டை அடிக்கணும். ஓரமெல்லாம் வளைவு, அட்டையில பாதி கழிவாப் போயிரும். மெஷின்ல ஒட்ட முடியாது, கையாலதான் ஒட்டணும். பாட்டு விக்கிறவன் எதுக்கு இம்புட்டுச் செலவழிச்சான்?”

அவர் கேட்டது தொழில்காரரின் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் 1948க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி எல்.பி.யை அறிமுகப்படுத்தியது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று, பன்னிரண்டு அங்குல விட்டம், ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 22 நிமிடம். நீளமான மேற்கத்தியச் செவ்வியல் இசையைத் துண்டாடாமல் கேட்க அது கைகொடுத்தது. இளைஞர்களின் பாப் இசை மட்டும் இன்னும் இருபது ஆண்டுகள் சிறிய 45 சுற்றுத் தட்டிலேயே, மூன்று நிமிடத்துக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. 1967இல் பீட்டில்ஸ் ‘சார்ஜண்ட் பெப்பர்’ ஆல்பத்தைப் புத்தகம்போல் விரியும் உறையில், பாடல் வரிகளைப் பின்னட்டையில் அச்சிட்டு வெளியிட்டபோது கணக்கு மாறியது. எல்.பி.யை வாங்க இளைஞர்கள் தயார் என்று பிரிட்டிஷ் கம்பெனிகளுக்குத் தெரிந்துபோனது. 1969இல் மட்டும் இ.எம்.ஐ. ஹார்வெஸ்ட் என்ற லேபிளையும் பிலிப்ஸ் வெர்ட்டிகோ என்ற லேபிளையும் தொடங்கின. டோனி ஸ்ட்ராட்டன்-ஸ்மித் கரிஸ்மாவைத் தொடங்கினார். வெர்ட்டிகோ தட்டின் ஒரு பக்க லேபிளில் எழுத்து குறைவு, முழுக்கக் கறுப்பு வெள்ளைச் சுழல். தட்டு சுற்றும்போது பார்வையை உள்ளே இழுக்கும். பாட்டு விவரமெல்லாம் மறுபக்கத்தில் இருக்கும்.

இத்தகைய லேபிள்களை நம்பி வந்த குழுக்களின் பாட்டு நீளமானது. தாளம் நடுவழியில் மாறும், ராக் கித்தாருக்குப் பக்கத்தில் மெல்லோட்ரான் என்ற கீபோர்டு முழங்கும். வானொலிக்கு அது ஒத்துவரவில்லை. ஆகவே கடையில் தொங்கும் 31 சென்டிமீட்டர் அட்டைதான் விளம்பரத்தின் வேலையைப் பார்க்க வேண்டியிருந்தது. அண்ணாச்சியின் கேள்விக்கு என் பதில் இதுதான்.

அப்படி வந்தவற்றில் முதன்மையானது 1969 அக்டோபர் 10இல் வெளியான கிங் கிரிம்சனின் ‘இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்’. முன்னட்டையில் குழுவின் பெயர் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. அலறும் ஒரு முகம் மட்டும் விளிம்பு முட்ட இருக்கிறது. வரைந்தவர் பேரி காட்பர், கணினி நிரல் எழுதும் வேலையில் இருந்த இளைஞர். 1970 பிப்ரவரியில், 24 வயதில் இறந்துவிட்டார். அவர் வரைந்த ஆல்பம் உறை அது ஒன்றுதான். அந்த முகத்தின் நாசித் துவாரத்தின் உட்பக்கத்தில் சிவப்பும் நீலமும் மோதும் இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். நாலு கலரில் அதைச் சேறாகாமல் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

இனி அந்த 22 நிமிடத்துக்கு வருகிறேன். எமர்சன், லேக் அண்டு பாமரின் ‘டார்க்கஸ்’ 1971இல் வந்தது. இருபது நிமிடம், முதல் பக்கம் முழுதும். அதே ஆண்டு பிங்க் ஃபிளாய்டின் ‘எக்கோஸ்’, 23 நிமிடம், ‘மெடில்’ ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுதும். 1972இல் யெஸ் குழுவின் ‘குளோஸ் டு தி எட்ஜ்’, பதினெட்டு நிமிடத்துக்கு மேல், அதுவும் ஒரு முழுப் பக்கம். ஜெத்ரோ டல் ‘திக் ஆஸ் எ பிரிக்’ ஆல்பத்தில் ஒரே பாட்டை இரண்டு பக்கத்துக்கும் ஓட்டினார்கள். 1973இல் யெஸ் நான்கு பாட்டுகளை நான்கு பக்கங்களில் வைத்து இரட்டைத் தட்டே போட்டார்கள். ஒரு தட்டின் பக்கத்தில் எவ்வளவு இடமிருக்கிறதோ அதை முழுதாக நிரப்பிப் பார்க்கும் ஆசை அந்த நாலைந்து ஆண்டுகளின் இசையை வடித்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த இடத்துக்கு ஒரு விலையும் உண்டு. ஜெனிசிஸின் ‘ஃபாக்ஸ்ட்ராட்’ (1972) இரண்டாம் பக்கத்தில் ‘சப்பர்ஸ் ரெடி’ இருக்கிறது. ஏழு பகுதிகள், 23 நிமிடம். அதற்கு முன்னால் ஒரு சிறிய கித்தார் துண்டும் உண்டு. ஆக இருபத்துநான்கு நிமிடத்தைத் தாண்டிவிடும். தட்டின் வெளிவிளிம்பில் முள்ளுக்கடியில் தடம் நொடிக்கு ஐம்பது சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். லேபிளை நெருங்கும்போது அது இருபதுக்கு வந்துவிடும். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கும், அதனால் முள் தடுமாறும். பாட்டின் உச்சமோ சரியாக அந்தக் கடைசி அங்குலத்தில் வருகிறது. பீட்டர் கேப்ரியலின் குரல் ஏற ஏறத் தட்டு மூச்சுத் திணறுவது நல்ல பிளேயரிலும் கேட்கும். எனக்கு அந்த உரசலோடுதான் அந்தப் பாட்டு முழுமை.

உறைகளைப் பற்றி நாள் முழுதும் பேசலாம், இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். ‘திக் ஆஸ் எ பிரிக்’ உறை ஒரு 12 பக்க நாளிதழ். செயின்ட் கிளீவ் என்ற கற்பனை ஊரின் பத்திரிகை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் கவிதைப் பரிசு பறிக்கப்பட்ட செய்தி முதல் பக்கத்தில், உள்ளே ஊர்ச் செய்தி, விளம்பரம், குறுக்கெழுத்துப் போட்டி. அந்தச் சிறுவனும் கற்பனை. இசையைவிட இந்தப் பத்திரிகைக்குத்தான் அதிக நாள் பிடித்தது என்று ஜெத்ரோ டல்லின் இயான் ஆண்டர்சன் சொல்லியிருக்கிறார். பக்கம் கட்டத் தெரிந்தவன் என்ற முறையில் நான் அதை நம்புகிறேன். பத்தி அளவு, தலைப்பு எழுத்து, மலிவு விளம்பரத்தின் நெருக்கம் எல்லாம் உண்மையான உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் கட்டியதுபோலவே இருக்கும். இரண்டாவது, பிங்க் ஃபிளாய்டின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ (1975). ஹிப்னோசிஸ் என்ற வடிவமைப்புக் கூடத்தின் ஸ்டார்ம் தோர்கர்சனும் ஆப்ரி பவலும் பாடுபட்டு எடுத்த உறைப் புகைப்படத்தைக் கறுப்புப் பிளாஸ்டிக் தாளால் மூடி, மேலே ஓர் ஒட்டுப்படத்தை மட்டும் ஒட்டி விற்றார்கள். பாட்டைக் கேட்க வேண்டுமானால் தாளைக் கிழிக்க வேண்டும். கிழிபடாத பிரதிக்கு இன்று சேகரிப்பாளர்கள் அலைகிறார்கள்.

1976, 77இல் பங்க் வந்தது. பத்திரிகைகள் ஒரே ராத்திரியில் இந்த இசையைக் கைவிட்டன, கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. 1982இல் சி.டி. வந்தபோது 31 சென்டிமீட்டர் உறை 12 சென்டிமீட்டர் ஆயிற்று. செயின்ட் கிளீவ் பத்திரிகையின் குறுக்கெழுத்தை அந்த அளவில் எந்தக் கண்ணாலும் படிக்க முடியாது.

அந்த இருண்ட ஆண்டுகளில் இந்த இசையைக் காப்பாற்றியவர்கள் ரசிகர்கள், அதிலும் ஜப்பானியர்கள். டோக்கியோவின் கிங் ரெக்கார்டு கம்பெனி, சொந்த நாட்டிலேயே மறந்துபோன இத்தாலியக் குழுக்களைத் தேடிப்பிடித்து மறுபதிப்பு செய்தது. ஷின்ஜுகுவில் டிஸ்க் யூனியன் இந்த இசைக்கென்றே தனிக் கடை நடத்தியது. பிறகு அவர்கள் பழைய எல்.பி. உறைகளை சி.டி. அளவுக்கு இழைக்கு இழை சுருக்கிக் காகித உறைகளாக வெளியிடத் தொடங்கினார்கள். மடிப்பு அதே மடிப்பு, உள்ளுறை அதே உள்ளுறை, முதுகெலும்பைச் சுற்றி ஜப்பானிய எழுத்தில் ஒரு காகிதப் பட்டை. அண்ணாச்சி தடவிப் பார்த்தது அந்தக் கைவேலைதான். கிரீஸிங் கோடு அரை மில்லிமீட்டர் கூட விலகவில்லை.

பிரிட்டனின் மரில்லியன் குழுவின் ரசிகர்கள் வேறொரு வழி கண்டார்கள். 1997இல் அமெரிக்கா போக அந்தக் குழுவிடம் பணமில்லை என்று தெரிந்ததும் அங்குள்ள ரசிகர்கள் தாங்களே சுமார் 60,000 டாலர் திரட்டினார்கள். 2001இல் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் இன்னும் பதிவாகாத ஆல்பத்துக்கு முன்பணம் கட்டினார்கள். 2004இல் ‘மார்பிள்ஸ்’ சிறப்புப் பதிப்புக்கு முன்பணம் கட்டியவர்களின் பெயர்களைப் புத்தகத்திலேயே அச்சிட்டார்கள்.

சேகரிப்பவர்கள் தட்டை வாங்கினால் முதலில் பார்ப்பது பாட்டு முடிந்த பின் லேபிளுக்கு வெளியே வரும் வெற்று வளையத்தை. இ.எம்.ஐ. ஆலைத் தட்டுகளில் அங்கே ஒரு ரகசியம் இருக்கிறது. முதலில் வெட்டிய தட்டிலிருந்து ஓர் உலோக அச்சு எடுப்பார்கள், அதிலிருந்து உலோக ‘தாய்’, தாயிலிருந்து பல ஸ்டாம்பர்கள். எங்கள் ஆப்செட் பிளேட்டைப்போல ஸ்டாம்பரும் ஓட ஓடத் தேயும், அதனால் எத்தனையாவது ஸ்டாம்பர் என்பது முக்கியம். லேபிளுக்கு நேர் கீழே பதிவு எண், இடப்பக்கம் தாயின் எண், வலப்பக்கம் ஸ்டாம்பரின் எண். கடைசி எண்ணை இலக்கத்தில் போடாமல் கிராமபோன் லிமிடெட் என்ற பெயரின் பத்து ஆங்கில எழுத்துகளால் போட்டார்கள். ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3, இப்படியே போய் டி.யில் 9, கடைசி எழுத்து சுழியம். பிங்க் ஃபிளாய்டின் ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ முதல் பிரிட்டிஷ் பதிப்பின் லேபிளில் முக்கோணம் முழுக்க நீல நிறத்தில் இருக்கும், பிறகு வந்தவற்றில் வெறும் கோடாகிவிடும். அந்த முழு நீல முக்கோணத்தோடு வலப்பக்கம் சிறிய எண்ணுக்கான எழுத்தும் சேர்ந்தால் விலை எங்கோ போய்விடும். என்னிடம் இருப்பது கல்கத்தா டம்டம் ஆலையில் அழுத்திய இந்தியப் பதிப்பு. அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன், மாற்ற மாட்டேன்.

இப்போது எல்லாம் போனுக்குள் இருக்கிறதே, இதெல்லாம் ஏன் என்று என் மகளே கேட்கிறாள். நியாயமான கேள்வி. ஸ்பாட்டிஃபை 2008இல் வந்தது. முப்பது நொடி கேட்டால் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு, அந்தக் கணக்கை வைத்துத்தான் பணம் பங்கு பிரிகிறது. இரண்டு நிமிடப் பாட்டும் ஒன்று, 23 நிமிட ‘சப்பர்ஸ் ரெடி’யும் ஒன்று. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு என்று யோசித்த இசைக்கு இதைவிட எதிரான கணக்கு இருக்க முடியாது. பிங்க் ஃபிளாய்ட் இதை முன்பே உணர்ந்து நீதிமன்றம் போனார்கள். தங்கள் ஆல்பங்களை உடைத்துத் தனிப்பாட்டாக இணையத்தில் விற்க இ.எம்.ஐ.க்கு உரிமையில்லை என்று 2010 மார்ச்சில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே இரு தரப்பும் சமரசமாகித் தனிப்பாட்டு விற்பனை நடந்தது. ஆல்பத்தை வரிசை கலைத்துப் போடும் பொத்தானை முன்னால் வைத்திருந்த ஸ்பாட்டிஃபை, 2021 நவம்பரில் பாடகி அடெல் கேட்டுக்கொண்ட பிறகே அதைப் பின்னுக்குத் தள்ளியது.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை பதிப்பு பற்றியது. ஜெனிசிஸின் பழைய ஆல்பங்களை 2007, 2008இல் ஒலிப்பொறியாளர் நிக் டேவிஸ் மூல நாடாக்களிலிருந்து புதிதாகக் கலந்து வெளியிட்டார். சில வாத்தியங்கள் முன்னுக்கு வந்தன, சில பின்னுக்குப் போயின. கிங் கிரிம்சனின் முதல் ஆல்பத்துக்கு மூல நாடா பல ஆண்டுகள் காணாமல் கிடந்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கிடைத்தது. அதுவரை வந்த சி.டி.க்கள் நகலின் நகல்கள். அந்தக் காலமெல்லாம் மூலத்துக்குக் கிட்டத்தில் இருந்தது யார் வீட்டு அலமாரியிலோ இருந்த 1969 தட்டுதான். 2009 முதல் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் கிங் கிரிம்சன், ஜெத்ரோ டல், யெஸ் ஆல்பங்களைப் பொறுமையாகப் புதுக்கலவை செய்தார். அவற்றை நான் விரும்பிக் கேட்கிறேன். அவற்றின் பெட்டிப் பதிப்புகளில் பழைய கலவையையும் பக்கத்திலேயே வைக்கிறார்கள், எது எது என்று எழுதியும் வைக்கிறார்கள்.

கிங் கிரிம்சனின் ராபர்ட் ஃபிரிப் நீண்ட நாள் விலகியிருந்துவிட்டு, 2019இல், ஐம்பதாவது ஆண்டில், தம் ஆல்பங்களை ஸ்ட்ரீமிங்குக்கு விட்டார். நல்லதே. தட்டு வாங்க முடியாத பையன் ஒருவன் அலறும் அந்த முகத்தைப் போன் திரையில் பார்த்து நின்றாலும் போதும் என்பேன். அமெரிக்காவில் 2022இல் 4.1 கோடி எல்.பி.க்கள் விற்றன, சி.டி. 3.3 கோடி. 1987க்குப் பிறகு எல்.பி. முந்தியது அப்போதுதான். வாங்குவோரில் பாதிப்பேரிடம் பிளேயரே இல்லை என்று ஓர் ஆய்வு சொன்னபோது பலர் கேலி செய்தார்கள். எனக்குக் கேலி வரவில்லை. அட்டைக்காக வாங்குகிறவனும் அச்சுக்காரனுக்குச் சொந்தக்காரன்தான்.

ஸ்ட்ரீமிங் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நான் கேட்டுக்கொண்டிருப்பது எந்த ஆண்டுக் கலவை, யார் கலந்தது, எந்த நாடாவிலிருந்து எடுத்தது என்று பாட்டுக்குக் கீழே ஒரு வரி. முதல் பக்கம் முடிந்து இரண்டாம் பக்கம் தொடங்கும் இடத்தில் ஒரு கோடு. யார் வரைந்த அட்டை என்று ஒரு பெயர். சிவகாசியில் பத்து ரூபாய்க் காலண்டரின் அடியில்கூட அச்சகத்தின் பெயரைப் போடுகிறோம்.