கண்டி டவுனுக்குச் சாமான் வாங்கப் போன வரலாறு

தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் ஒரு காலத்தில் இலங்கையின் மலையகம் முழுவதற்கும் 'கண்டிச் சீமை' என்றுதான் பெயர். அந்தச் சீமைக்கு வந்த சனம் குடியிருந்தது தோட்டத்து லயங்களில். கண்டி நகரம் அவர்களுக்கு எப்போதாவது போய்வரும் இடம். சம்பளம் போட்ட பிறகு, திருவிழாவுக்கு முன்னால், கல்யாணம் பேசி முடித்த கையோடு, "டவுனுக்குப் போயிட்டு வாரோம்" என்று கிளம்புவார்கள். அந்தப் பயணத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே பேசப் பார்க்கிறோம்.

கண்டிக்குத் தென்னிந்தியத் தொடர்பு புதுசு கிடையாது. 1739 முதல் 1815 வரை இந்த ராச்சியத்தை ஆண்டவர்கள் மதுரைப் பக்கத்து நாயக்கர் வழி வந்த மன்னர்கள். அவர்களுடைய உறவுக்காரர்கள் குடியிருந்த தெருவுக்கு மலபார் வீதி என்று பெயர். ஆனால் இன்று கொழும்பு வீதி, காசல் வீதிப் பக்கம் நாம் பார்க்கிற புடவைக்கடையும் நகைக்கடையும் பூசைச் சாமான் கடையும் சைவக்கடையும் ராசா காலத்து மிச்சம் இல்லை. அவை கோப்பியும் தேயிலையும் கொண்டுவந்தவை.

1867ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து ரயில் கண்டிக்கு வந்து சேர்ந்தது அந்த வருசம்தான். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டதும் அதே வருசம்தான். தோட்டங்கள் பெருக, செட்டியார்கள் கங்காணிக்கும் துரைமாருக்கும் கடன் கொடுத்தார்கள். இந்தியத் தமிழர், யாழ்ப்பாணத்தார், முஸ்லிம்கள் என்று பலரும் டவுனில் கடை போட்டார்கள்.

தோட்டத்துக்குள்ளே என்ன நிலைமை? அரிசியைத் தோட்டமே அளந்து கொடுத்து, அதன் விலையைக் கூலியில் பிடித்துக்கொண்டது. கம்பளிக்கும் அப்படித்தான். தொழிலாளி பட்ட கடனை 'துண்டு' என்ற ஒரு கடதாசியில் எழுதினார்கள். அந்தக் கடனை அடைக்க ஒப்புக்கொள்கிற வேறு தோட்டத்துக்கு ஆளையே மாற்றிவிடலாம். 1921இல்தான் இந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். 1927இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்த பிறகும், உயர்ந்த மலைத் தோட்டங்களில் ஆணுக்கு ஒரு நாளைக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம்தான்.

என்ன தின்பது, எவ்வளவு தின்பது என்பதைத் தோட்டமே தீர்மானித்த வாழ்க்கை அது. டவுன் கடையிலோ, ஒரு பெண் நாலு புடவையை விரித்துப் பார்த்து "இது வேணாம், அதை எடுங்க" என்று சொல்லலாம். கையில் இருக்கிற காசு கொஞ்சம்தான். ஆனாலும் அங்கே அவள் பெயர்ப்பதிவில் ஒரு நம்பர் இல்லை, கடைக்கு வந்த ஆள். அதற்காகக் கடைக்காரரையெல்லாம் நல்லவராக்க வேண்டியதில்லை. கடன் கொப்பி அங்கேயும் இருந்தது. ஒரே தமிழ் பேசினாலும் முதலாளியும் தொழிலாளியும் ஒரே நிலையில் இல்லை.

சாப்பாட்டிலும் இந்த வரலாறு தெரியும். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டில் கோதுமை மா வந்தது. லயத்து அடுப்பில் ரொட்டி நிலைத்தது. ரொட்டியும் கட்டச் சம்பலும் நம்ம 'பாரம்பரியச் சாப்பாடு' என்று இன்றைக்குப் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லலாம், தப்பில்லை. அதற்குப் பின்னால் ஒரு தட்டுப்பாடு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1948இல் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் இருந்ததும் கண்டியில்தான். புடவை எடுக்க வந்த டவுனுக்கே சனம் பாஸ்போர்ட்டுக்கும் அலைந்தது.

பிறகு 1983. யூலை 26ஆம் திகதி பிற்பகல் கண்டியிலும் தீ வைத்தார்கள். பேராதனை வீதியில் தொடங்கி, காசல் வீதி, கொழும்பு வீதி, ராஜ வீதி, திருகோணமலை வீதி என்று தமிழர் கடைகள் எரிந்தன. அன்று மாலை ஊரடங்குச் சட்டம் வந்தது. எரிந்தது முதலாளிமாரின் சொத்து மட்டுமா? தோட்டத்துச் சனம் தலை நிமிர்ந்து போய்வந்த ஒரு தெருவும் அதோடு சேர்ந்து எரிந்தது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தபோது, இதே மாவட்டத்தில் பலருக்குப் பழைய புகை ஞாபகம் வந்திருக்கும்.

யுனெஸ்கோ 1988இல் கண்டியை 'புனித நகரம்' என்று உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மாளிகையையும் வாவியையும் பார்க்க வருகிறவர்கள் வரட்டும். இந்தக் கடைத்தெருவின் கதையை நாம்தான் எழுதி வைக்க வேண்டும். உங்கள் வீட்டு அம்மாயியிடமோ அப்பாயியிடமோ ஒரு கேள்வி கேளுங்கள்: "கண்டியில முதல்ல எந்தக் கடையில என்ன வாங்குனீங்க?" அவர் சொல்கிற கடை இன்றைக்கு இல்லாமல் இருக்கலாம். பெயரையும் தெருவையும் வருசத்தையும் குறித்து வையுங்கள். பழைய பில் ஒன்று பெட்டிக்குள் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள்.