தங்கவயலில் மன்றம் கண்ட மக்கள்

ஊர் என்பது வீடுகளின் தொகுதி மட்டுமன்று. அவ்வீடுகளில் வாழ்வோர் ஒன்றுகூடித் தம் நலமும் தீங்கும் பேசுதற்கு ஓரிடம் வேண்டும். அவ்விடம் இருந்தால்தான் குடியிருப்பு ஊராகும். பழந்தமிழர் அதனை மன்றம் என்றனர்; பொதியில் என்றனர்; அம்பலம் என்றும் வழங்கினர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றிற்குக் குடவோலை வழியே உறுப்பினரைத் தெரிந்தெடுத்த முறையைக் கூறுகின்றன. அவற்றை எடுத்துக்காட்டிப் பெருமை கொள்ளாத தமிழ் மேடை இல்லை.

ஆயினும் அக்கல்வெட்டுகளை முழுமையாகப் படிப்போர் மற்றொன்றையும் காண்பர். சொந்த மனையில் வீடும், கால்வேலி அளவில் இறை செலுத்தும் நிலமும், மறைப் பயிற்சியும் உடையோரே அங்கு ஓலையில் பெயர் எழுதப்படத் தக்கவர். ஏரியைத் தூர்வாரியவனுக்கு ஏரி வாரியத்தில் இடமில்லை. நிலமற்றவன் எந்த மன்றத்தில் பேசினான் என்னும் வினாவிற்குக் கல் விடை கூறவில்லை. அவ்வினாவிற்கான விடைகளுள் ஒன்று, பங்காருபேட்டைக்கு அப்பால் கோலார் தங்கவயலில் கிடைக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

குவளாலம் முதல் பவுரிங்பேட்டை வரை

கோலார் தமிழுக்குப் புதிய மண் அன்று. குவளாலம் என்பது அதன் பழம்பெயர். சோழர் ஆட்சியில் இப்பகுதி நிகரிலிச் சோழ மண்டலத்தைச் சேர்ந்திருந்தது. கோலாரம்மன் கோயிலில் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. பவணந்தி முனிவரை நன்னூல் இயற்றச் செய்த சீயகங்கன், குவளாலபுரத்திற்கு உரியோன் என்னும் பட்டம் தாங்கிய கங்கர் மரபினன். நாம் பள்ளியில் கற்ற இலக்கண நூலின் வரலாற்றில் இம்மண்ணின் பெயர் கலந்திருக்கிறது.

எனினும், நாம் பேச வந்த தமிழர் அரசரோடு வந்தவர் அல்லர்; இரயிலில் வந்தவர். 1802-இல் வாரன் என்னும் படை அதிகாரி இப்பகுதியில் பொன் இருப்பதைக் கண்டறிந்து எழுதினார். 1873-இல் லவெல் என்பார் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பின்னரே சுரங்கம் செழித்தது. மைசூர், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்களுக்கு வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வந்தனர். அவருள் பெரும்பாலோர் நிலமற்ற, தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மக்கள்.

அவர்கள் வந்து இறங்கிய சந்திப்பு, மைசூரின் தலைமை ஆணையராக இருந்த பவுரிங்கின் பெயரால் பவுரிங்பேட்டை எனப்பட்டது. பின்னர்ப் பங்காருபேட்டை ஆயிற்று. அங்கிருந்து மாரிக்குப்பத்திற்கு 1894-இல் கிளைப்பாதை திறக்கப்பட்டது. ஆங்கிலேயனின் பெயர் போய்ப் பொன்னின் பெயர் நின்றது. ஆனால் பொன் எடுத்தவரின் பெயர் எந்த நிலையத்திலும் எழுதப்படவில்லை.

கேட்கப்படாத குடிகள்

ஒருவகையில் தங்கவயல் இந்தியாவின் முன்னோடி நகரம். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பியிழுத்து இங்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெங்களூர் நகரம் மின்விளக்கைக் கண்டது 1905-இல்தான். பாலாற்று நீரைத் தேக்கிய பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குடிநீர் வந்தது. பிளேக் நோய் பரவிய காலத்தையொட்டி, மைசூர் ரெசிடெண்டாயிருந்த இராபர்ட்சனின் பெயரால் இராபர்ட்சன்பேட்டை எழுந்தது.

இவற்றை யார் முடிவு செய்தனர்? தொழிலாளர் வாழ்ந்த லைன்கள் கம்பெனி நிலத்தில் இருந்தன, குடிசை கம்பெனிக்குரியது. ஊரின் துப்புரவைக் கவனிக்கச் சானிட்டரி போர்டு என்னும் வாரியம் இருந்தது. தொடக்கத்தில் அங்கு அரசு அதிகாரியும் கம்பெனியின் ஆட்களுமே அமர்ந்தனர். குழாய் எங்கே வேண்டும், கழிவுநீர் எவ்வழி போகவேண்டும் என்பவற்றைக் குழாயடியில் நின்றவளிடம் கேட்கும் வழக்கம் இல்லை. மின்சாரம் முதலில் நாடிச் சென்றது இயந்திரத்தை, குடிசையை அன்று. உத்திரமேரூரில் நிலமற்றவன் நின்ற இடத்திலேயே, ஆயிரம் ஆண்டு கழித்துத் தங்கவயல் தொழிலாளியும் நின்றான்.

தாள் ஒரு மன்றம்

மன்றத்தில் இடம் கிடைக்காதவர் தாமே ஒரு மன்றம் கண்டனர். அது மரத்தடியில் இல்லை, தாளில் இருந்தது. 1907-இல் சென்னை இராயப்பேட்டையில் பண்டிதர் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். தங்கவயலில் அதற்கு வாசகரும் ஆதரவாளரும் மிகுதி. அதே காலத்தில் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் பௌத்த சங்கங்கள் தோன்றின. சங்கம் என்றால் வழிபாடு மட்டுமன்று. அங்கே சொற்பொழிவு இருந்தது, படிப்பு இருந்தது, வினாவும் விடையும் இருந்தன.

1914-இல் பண்டிதர் மறைந்தார். பின்னர் நின்றுபோன 'தமிழன்', 1926-இல் ஜி. அப்பாதுரையாரின் முயற்சியால் தங்கவயலிலேயே மீண்டும் எழுந்தது. சென்னையில் பிறந்த இதழ் சுரங்க ஊரில் மறுபிறவி எடுத்தது சிறு செய்தி அன்று. சித்தார்த்த புத்தகசாலை என்னும் பதிப்பகமும் அங்கே நடந்தது. அயோத்திதாசரின் நூல்கள் பலவற்றைக் காத்துத் தந்த பெருமை அதற்குண்டு. தமிழகத்துப் பல்கலைக்கழகங்கள் மறந்திருந்த ஒரு சிந்தனையாளரை, சுரங்கத் தொழிலாளரின் காசு வாழவைத்தது.

ஒருவர் படிக்கப் பலர் கேட்பது அக்கால வழக்கம். ஓர் இதழ் ஒரு லைனுக்குப் போதும். மதம், சாதி, கல்வி பற்றி அவ்வாறு கேட்டுப் பேசிப் பழகிய நாக்கு, கூலியையும் குழாயையும் பற்றிப் பேச நெடுங்காலம் தயங்கவில்லை.

கைரேகையும் குருதியும்

1930-இல் அது வெளிப்பட்டது. தொழிலாளர் ஒவ்வொருவரின் கைரேகையையும் பதிய வேண்டும் என்னும் ஏற்பாடு வந்தது. ரேகை எடுப்பது குற்றவாளிகளிடம் அன்றோ! 'நாங்கள் திருடரா?' என்னும் வினா லைன் முழுவதும் எழுந்தது. பல்லாயிரவர் வேலையை நிறுத்தினர். சட்டம் ஏற்ற தொழிற்சங்கம் எதுவும் அப்போது அவர்களுக்கு இல்லை. யாரோடு பேசுவது என்று அரசும் கம்பெனியும் திகைத்தன. அந்தத் திகைப்பே அவ்வூரின் குறையைக் காட்டிற்று: பல்லாயிரம் பேர் வாழும் ஊரில் அவர்கள் சார்பாகப் பேசும் வாயில் ஒன்றுகூட அமைக்கப்படவில்லை.

1941-இல் மைசூர் அரசு கொண்டுவந்த தொழிலாளர் சட்டத்திற்குப் பிறகே சங்கங்கள் முறையான ஏற்பைப் பெற்றன. கே. எஸ். வாசன் போன்ற பொதுவுடைமைத் தலைவர்கள் வந்தனர். அந்நாளில் சங்கக் கூட்டம் கூலிக் கூட்டம் மட்டுமன்று. 1940 முதல் 1946 வரை நடந்த மருத்துவ ஆய்வில் சோதிக்கப்பட்ட 7,000-க்கும் மேற்பட்ட தொழிலாளருள் 100-க்கு 40-க்கும் மேலானோர்க்குப் பாறைத் தூசு நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிகோசிஸ் நோய் இருந்தது. இருமல் வீட்டுக்கு வீடு கேட்கும் ஊரில், உடல்நலம் எப்படித் தனி மனிதனின் செய்தியாகும்? அது ஊர்ச் செய்தி. மன்றில் பேசவேண்டிய செய்தி.

1946 நவம்பர் 4 அன்று போலீசார் சுட்டனர். தொழிலாளர் ஆறு பேர் மாண்டனர். அவர்களின் நினைவை அவ்வூர் இன்றும் போற்றுகிறது. கூடிப் பேசும் உரிமைக்கு இம்மக்கள் தந்த விலை அது.

சுரங்கம் மூடிய பின்

1956 நவம்பரில் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962-இல் அவை நடுவண் அரசின் கைக்கு வந்தன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் தந்த சுரங்கம், 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாய்ச் சென்ற சாம்பியன் ரீப்பில் நீர் நிறைந்தது. மேலே எஞ்சியவை சயனைடு மண்மேடுகள். காற்று வீசினால் அந்த மண் வீடுகளுக்குள் வரும்.

சுரங்கம் போனபின் தங்கவயலார் மீண்டும் இரயிலேறினர். முன்னோர் வேலை தேடிப் பங்காருபேட்டை வந்து மாரிக்குப்பம் சேர்ந்தனர். பேரர்களோ மாரிக்குப்பத்தில் ஏறிப் பங்காருபேட்டை வழியே பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். விடியுமுன் புறப்படும் அவ்வண்டியின் பெட்டிகளே இன்று அவ்வூரின் பொதியில். லைன் வீட்டின் உரிமை, குடிநீர், மண்மேட்டுத் தூசு, பிள்ளைகளின் தமிழ்க் கல்வி, வண்டியின் தாமதம் ஆகிய யாவும் அங்கே பேசப்படுகின்றன. ஆனால் பெட்டியில் பேசியது இறங்கும்போது கலைந்துவிடுகிறது. முன்பு அதனைப் பிடித்துவைக்க ஓர் இதழ் இருந்தது. ஒரு சங்கம் இருந்தது. இக்காலத்தின் குறை இதுவே.

நமக்கு உரிய பாடம்

பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் தமிழ்க் குடும்பங்கள் நாம். நம் சங்கங்களில் பொங்கல் விழாவுண்டு, பட்டிமன்றமுண்டு, கவியரங்கமுண்டு. இவை வேண்டுவனவே. ஆயினும் நாம் குடியிருக்கும் நகரின் தண்ணீரையும் பள்ளியையும் பற்றிப் பேசும்போது, 'இது அவர்கள் ஊர், நமக்கென்ன?' என்று ஒதுங்குவது நம்மிடம் உள்ள பழக்கம். தங்கவயல் மக்கள் அவ்வாறு ஒதுங்கவில்லை. கன்னட மண்ணில், தமிழில் பேசி, அம்மண்ணின் ஆட்சியிடமே தம் உரிமையைக் கேட்டனர். அவர்களின் வாக்கால் பொதுவுடைமையரும் குடியரசுக் கட்சியினரும் திராவிட இயக்கத்தாரும் பெங்களூரின் சட்டமன்றத்தில் அமர்ந்தனர். மொழியால் தமிழராயும், குடியுரிமையால் அவ்வூராராயும் ஒருங்கே வாழ முடியும் என்பதை அவர்கள் வாழ்ந்து காட்டினர்.

ஆண்டிற்கு ஒருநாளேனும் நம் சங்க மேடையில் நாம் வாழும் நகரைப் பற்றிய ஓர் அமர்வு இருக்கட்டும். அதில் பெண்களும், கல்லாதவரும், நேற்று வந்தவரும் எழுந்து பேசட்டும். பேசியதை ஒருவர் எழுதிவைக்கட்டும். எழுதியது உரிய அலுவலகத்திற்குச் செல்லட்டும். நிலமுடையோர்க்கே இடம் தந்த மன்றத்தைப் பாடிய நாம், நிலமற்றோர் தாமே கண்ட மன்றத்தையும் நினைவிற் கொள்வது கடமை. பொன் தீர்ந்தது, அவர்கள் பேசக் கற்ற பேச்சு தீரவில்லை.